கந்தக வளையமும் யூரோப்பாக் கடலும்

வியாழனைச் சுற்றி என்ன இருக்கிறது என்று கேட்டால், சந்திரன்கள் இருக்கின்றன என்று எவரும் சொல்லிவிடுவர். அச்சந்திரன்களுக்கு இடையே என்ன இருக்கிறது என்று கேட்டால், ஒன்றும் இல்லை என்பதே பெரும்பாலோர் விடையாக இருக்கும். அந்த ஒன்றுமில்லாத இடத்தைப் பற்றியதே இக்கட்டுரை. அங்கே ஒரு கன சென்டிமீட்டருக்குள் 2,000 எலெக்ட்ரான்கள் வரை இருக்கின்றன. அவற்றை ஈடுகட்டும் அளவுக்குக் கந்தக அயனிகளும் ஆக்ஸிஜன் அயனிகளும் இருக்கின்றன. நம் அறைக் காற்றில் அதே அளவு இடத்தில் உள்ள மூலக்கூறுகளை எண்ணி எழுத வேண்டுமானால் 25 என்று எழுதி அதன்பின் பதினெட்டுச் சுழிகள் போட வேண்டும். அதனோடு ஒப்பிட்டால் இது சூனியந்தான். ஆயினும் யூரோப்பா என்னும் சந்திரனின் பனிக்கு அடியில் உள்ள கடல் எத்தனை ஆழம், எவ்வளவு உப்பு என்று அறிய விரும்புவோர், முதலில் இந்தச் சூனியத்தைத்தான் சரியாகக் கணக்கிட்டாக வேண்டியிருக்கிறது. அது ஏன் என்பதற்குப் பின்னர் வருகிறேன்.

பிளாஸ்மா என்ற சொல் இயற்பியல் மாணவர்க்குப் பழக்கமானது. பொருளாதாரமும் இலக்கியமும் பயிலும் நண்பர்களுக்காகச் சிறிது சொல்லிவிடுகிறேன். அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்ந்துபோய், அவையும் மிச்சமான அயனிகளும் கலந்து திரியும் வாயுவே பிளாஸ்மா. சாதாரண வாயு பாத்திரத்தின் சுவருக்குக் கட்டுப்படும். பிளாஸ்மா காந்தப்புலத்துக்குக் கட்டுப்படும். மின்னூட்டமுள்ள துகள் காந்த விசைக்கோட்டைச் சுற்றிச் சுருளாகச் சுழன்றவாறே அக்கோட்டின் வழியே முன்னும் பின்னும் போகலாம். ஒரு கோட்டை விட்டு அடுத்த கோட்டுக்கு எளிதில் தாவ முடியாது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

வியாழனின் காந்தப்புலம் மிக வலியது. அதன் நடுக்கோட்டில் 4 காஸுக்கும் மேல். பூமியின் நடுக்கோட்டிலோ 0.3 காஸ் அளவே. 1955ஆம் ஆண்டிலேயே பர்க், பிராங்க்ளின் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் வியாழனிலிருந்து வானொலி இரைச்சல் வருவதைக் கண்டுபிடித்தனர். அந்த இரைச்சல் எழுவதும் அடங்குவதும் அயோ என்ற சந்திரன் நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்று 1964இல் பிக் என்பவர் காட்டினார். கேவலம் ஒரு சந்திரன் தன் தலைவனின் வானொலியைத் திருப்பி விடுவதும் மூடுவதும் எப்படி என்பது அப்போது பெரும் புதிராக இருந்தது. (தமிழர் காதுக்கு அயோ என்ற பெயரே ஓலம்போல் ஒலிக்கும். கிரேக்கக் கதையில் அவள் பசுவாக மாற்றப்பட்ட பெண்; ஓலமிட அவளுக்குக் காரணம் உண்டு.)

புதிர் அவிழ்ந்தது 1979இல். அவ்வாண்டு மார்ச் 2ஆம் தேதி பீல், காசென், ரெனால்ட்ஸ் என்ற மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வியாழனின் ஈர்ப்பு அயோவைப் பிசைந்து பிசைந்து சூடேற்றுவதால் அதன் உட்பகுதி உருகியிருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. மூன்றே நாளில் வாயேஜர்-1 விண்கலம் வியாழனைக் கடந்தது. அது திரும்பிப் பார்த்து எடுத்த படம் ஒன்றில், அயோவின் விளிம்பில் குடைபோல் எழும்பி நின்ற எரிமலைப் புகையை லிண்டா மொரபிட்டோ என்ற பொறியியலாளர் கண்டார். கணக்கும் காட்சியும் இவ்வளவு நெருக்கமாக ஒன்றையொன்று தொடர்ந்து வந்த நிகழ்ச்சி விஞ்ஞான வரலாற்றில் அரிது.

எரிமலை கக்குவது பெரும்பாலும் கந்தக டையாக்ஸைடு. அது சிதைந்து கந்தக அணுக்களும் ஆக்ஸிஜன் அணுக்களும் அயோவை விட்டு வெளியேறுகின்றன. விநாடிக்கு ஏறத்தாழ ஒரு டன். எலெக்ட்ரான்கள் மோதி அவை அயனிகளானதும் காந்தப்புலம் அவற்றைப் பற்றிக்கொள்கிறது. அப்படிப் பற்றும்போது நேர்வதை நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போட்டுப் பார்க்கலாம். அயோ வியாழனின் மையத்திலிருந்து 4,22,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதாவது வியாழனின் ஆரத்தைப்போல் 5.9 மடங்கு. 42.5 மணியில் ஒருமுறை சுற்றுவதால் அதன் வேகம் விநாடிக்கு 17 கிலோமீட்டர். ஆனால் வியாழனோ 9 மணி 55 நிமிடத்தில் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்கிறது. அதன் காந்தப்புலமும் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் கூடவே சுழல்கிறது. அயோ இருக்கும் தொலைவில் அச்சக்கரத்தின் வேகம் விநாடிக்கு 74 கிலோமீட்டர். ஆகவே நேற்றுவரை 17 கிலோமீட்டர் வேகத்தில் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த கந்தக அணு, அயனியான கணத்திலேயே 57 கிலோமீட்டர் வேறுபாட்டுடன் இழுத்தெறியப்படுகிறது. ஓடும் பேருந்தின் கம்பியைப் பிடித்தவன் நிலைதான். அந்த இழுப்பில் கந்தக அயனிக்குக் கிடைக்கும் சுழற்சி ஆற்றல் 540 எலெக்ட்ரான் வோல்ட். ஆக்ஸிஜனுக்கு அதில் பாதி. விநாடிக்கு ஒரு டன் என்று பெருக்கினால் ஒன்றரை லட்சம் கோடி வாட்டுக்கு மேல் வருகிறது. வளையம் புறஊதா ஒளியாக வீசும் ஆற்றலும் ஏறக்குறைய இதே அளவுடையது. இந்த ஆற்றல் எல்லாம் வியாழனின் சுழற்சியிலிருந்தே கடன் வாங்கப்படுகிறது. ஆனால் கடன் கணக்கைத் துருவிப் பார்த்தால், அயனிகள் எலெக்ட்ரான்களுக்குக் கைமாற்றும் ஆற்றல் மட்டும் அந்த ஒளிக்குப் போதவில்லை. மிகுவெப்ப எலெக்ட்ரான்கள் சிறிதளவேனும் வேறெங்கிருந்தோ வந்து சேர வேண்டியிருக்கிறது.

இவ்வாறு சேர்ந்த பிளாஸ்மா வியாழனைச் சுற்றி ஒரு வளையமாக நிற்கிறது. ஆங்கில நூல்களில் அதற்கு வேறு தின்பண்டத்தை உவமை சொல்வர். நமக்கு உளுந்து வடை போதும். வடையின் துளைக்குள் வியாழன் இருக்கிறது. வடையின் சதைக்குள் அயோ ஓடுகிறது.

இனிமேல்தான் மாதிரி அமைக்கும் வேலை வருகிறது. வாயேஜர்-1 இந்த வடைக்குள் ஒரே ஒரு கோட்டில் சென்றது. அக்கோட்டில் இருந்த அடர்த்தியை மட்டுமே அது அளந்தது. ஊசி ஒன்று வடைக்குள் புகுந்து வெளிவந்த கதை. அந்த ஒற்றை ஊசித்தடத்திலிருந்து வடை முழுவதையும் எப்படி எழுதிக் காட்டுவது? வெறும் ஊகத்தால் முடியாது. பிளாஸ்மா ஒரு விசைக்கோட்டின் வழியே எப்படிப் பரவி நிற்கும் என்று விதி சொல்ல முடிந்தால், கோட்டின் ஓரிடத்தில் அளந்தது கொண்டு அக்கோடு முழுவதையும் நிரப்பலாம். ஊசி பல கோடுகளைக் கடந்து சென்றதால், கோடு கோடாக நிரப்பிக்கொண்டே போனால் வடை உருவாகிவிடும்.

விதி மிக எளியது. விசைக்கோட்டை வளைந்த கம்பியாகவும், அயனியை அதில் கோத்த மணியாகவும் கொள்ளுங்கள். கம்பி வியாழனின் அச்சைச் சுற்றி வேகமாகச் சுழல்கிறது. திருவிழாவில் குடை ராட்டினம் சுழலச் சுழல இருக்கைகள் வெளிப்புறமாக எழும்புவதை யாவரும் பார்த்திருக்கிறோம். அதே மையவிலக்கு விசை மணியைக் கம்பியில் அச்சிலிருந்து மிகத் தொலைவான புள்ளிக்குத் தள்ளுகிறது. அயோவின் தொலைவில் இவ்விசை வியாழனின் ஈர்ப்பைவிட மிகுதி. ஆதலால் மணி உள்ளே விழுவதில்லை. எல்லாக் கம்பிகளிலும் உள்ள அந்தத் தொலைவுப் புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு தளம் கிடைக்கும். வியாழனின் காந்த அச்சு அதன் சுழற்சி அச்சுக்கு ஏறத்தாழ 10 பாகை சாய்ந்திருக்கிறது. எனவே இந்தத் தளம் சுழற்சி நடுக்கோட்டிலும் இல்லை, காந்த நடுக்கோட்டிலும் இல்லை; இரண்டுக்கும் இடையே, சாய்வின் மூன்றில் இரண்டு பங்கில் அமைகிறது. இதை ஹில், டெஸ்லர், மைக்கேல் ஆகியோர் 1974இல், வாயேஜர் போவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே எடுத்துக்காட்டினர். எனவே வடை சுமார் 7 பாகை சாய்ந்த வடை. அயோவோ நேரான பாதையில் ஓடுகிறது. அதனால் அயோ ஒரு சமயம் வடையின் நடுவிலும், ஒரு சமயம் மேல் விளிம்பை நோக்கியும், ஒரு சமயம் கீழ் விளிம்பை நோக்கியும் இருக்கும்.

மணிகளுக்கு வெப்பமே இல்லையெனில் யாவும் அந்தத் தளத்தில் ஒட்டிக்கொண்டு தாள்போல் மெலிந்திருக்கும். வெப்பம் இருப்பதால் மேலும் கீழும் துள்ளுகின்றன. துள்ளலின் உயரம் வெப்பநிலையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவும், நிறையின் வர்க்கமூலத்துக்கு எதிராகவும் மாறும். கந்தகமும் ஆக்ஸிஜனும் கலந்த கலவைக்குச் சராசரி அணுநிறை 24 என்றும், வெப்பநிலை 60 எலெக்ட்ரான் வோல்ட் என்றும் வைத்துக் கணக்கிட்டால் அவ்வுயரம் 72,000 கிலோமீட்டர் வருகிறது. அது ஏறக்குறைய வியாழனின் ஆரமே. அயோவுக்கு உட்புறம் வாயேஜர் கண்ட குளிர்ந்த பகுதியில் வெப்பநிலை 1 எலெக்ட்ரான் வோல்ட் அளவே. அங்கே வளையம் வடையாக இல்லாமல் அப்பளமாக மெலிந்துவிடுகிறது.

எலெக்ட்ரானை மறந்துவிடலாகாது. அதன் நிறை அற்பமாதலால் மையவிலக்கு விசை அதை ஒன்றும் செய்யாது. தன் போக்கில் விட்டால் கம்பி நெடுகப் பரவி ஓடிவிடும். ஆனால் அது ஓடத் தொடங்கியதுமே பின்தங்கிய அயனிகளின் நேர்மின்னூட்டம் அதைப் பிடித்திழுக்கிறது. அதே இழுப்பு அயனிகளையும் சற்று மேலே தூக்குகிறது. கனமான அயனிகள் நடுத்தளத்தில் நெருங்கி நிற்க, கனமற்ற ஹைடிரஜன் அயனிகள் இம்மின்புலத்தால் ஓரங்களுக்குத் தள்ளப்படுகின்றன. இந்தச் சமநிலைக் கணக்கைக் கொண்டுதான் பிரான் பாகெனலும் சல்லிவனும் 1981இல் வாயேஜர் அளவுகளிலிருந்து வளையத்தின் முழுப் படத்தை வரைந்தனர். பின்னர் வந்த மாதிரிகள் பலவற்றுக்கும் அதுவே அடித்தளம்.

அவர்களுக்கு இருந்த தொல்லை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாயேஜரின் கருவி அயனியின் ஆற்றலை மின்னூட்டத்தால் வகுத்த எண்ணைத்தான் அளக்கும். எல்லா அயனிகளும் ஒரே வேகத்தில் சுழல்வதால் அந்த எண் நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதத்தையே காட்டும். ஓர் எலெக்ட்ரான் இழந்த ஆக்ஸிஜனுக்கு விகிதம் 16. இரண்டு எலெக்ட்ரான் இழந்த கந்தகத்துக்கு 32ஐ 2ஆல் வகுக்க, அதுவும் 16! இருவரும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு ஒரே வரிசையில் நிற்கின்றனர். யார் எத்தனை பேர் என்பதை அக்கருவியால் பிரித்தறிய முடியவில்லை. அவற்றின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். கந்தகத்துக்கும் ஆக்ஸிஜனுக்கும் நிறமாலை வேறு. அதனால்தான் 2000ஆம் ஆண்டின் இறுதியில் காசினி விண்கலம் சனிக்குப் போகும் வழியில் வியாழனைக் கடந்தபோது எடுத்த புறஊதா அளவுகள் இத்துறையினர்க்குப் பெருவிருந்தாயின.

மாதிரி எங்கே தடுமாறுகிறது என்பதுதான் எனக்கு அதைவிடச் சுவையாக இருக்கிறது. வாயேஜர் ஊசி ஏறத்தாழக் கிடைமட்டமாகச் சென்றது. ஆகவே மேலும் கீழும் என்ன என்பது விதியின் வாக்கே ஒழிய அளவு அன்று. 1992 பிப்ரவரியில் யூலிஸிஸ் விண்கலம் வடையை வடக்கிலிருந்து தெற்காகக் குத்திச் சென்றது. அடர்த்தி விதி சொன்னவாறே நடுத்தளத்தை விட்டு விலக விலகக் குறைந்தது. ஆனால் எலெக்ட்ரான்களின் வெப்பநிலை கூடிக்கொண்டே போயிற்று! விசைக்கோடு நெடுக ஒரே வெப்பநிலை என்று கொண்டவர்கள் திகைத்தனர். மெயர்-வெர்னேயும் கூட்டாளிகளும் 1995இல் தந்த விளக்கம் அழகானது. மலையேறும் கூட்டத்தில் வலுவுள்ளவர்களே உச்சிவரை போவர். உச்சியில் நின்று சராசரி எடுத்தால் எல்லோரும் பலசாலிகளாகத் தோன்றுவர். மாக்ஸ்வெல் பரவல் என்ற பாடப்புத்தகப் பரவலில் இந்த வடிகட்டல் எண்ணிக்கையைக் குறைக்குமே தவிர வெப்பநிலையை மாற்றாது. மாறியிருப்பதால், வளையத்தின் எலெக்ட்ரான்களில் அப்பரவல் அனுமதிப்பதைவிட மிகுந்த எண்ணிக்கையில் வேகமானவை உள்ளன என்பது பெறப்படும். நாம் தேர்வுக்கு நெட்டுருப் போடும் ஒரு சூத்திரம் அங்கே செல்லவில்லை என்பதை ஒரு விண்கலம் போய்ச் சொல்லியிருக்கிறது.

இன்னொரு தடுமாற்றம் வெளிப்புறத்தில். அயோ நாள்தோறும் கொட்டும் பிளாஸ்மா அங்கேயே தேங்கவில்லை. சில வாரங்களில் வெளிநோக்கிக் கசிந்துவிடுகிறது. கனத்த குழாய்கள் வெளியேற, காலியான குழாய்கள் உள்ளே நுழைகின்றன. வெளியே போகப் போக அது விரிகிறது. விரியும் வாயு குளிர வேண்டும். ஆனால் அளந்தால் சூடேறியிருக்கிறது: அயோவுக்கருகே நூறு எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு உட்பட்டது, இருபது முப்பது ஆரத் தொலைவில் பல ஆயிரமாகிவிடுகிறது. இதற்கு அனைவரும் ஒப்பும் விளக்கம் இன்னும் கிட்டவில்லை. மாதிரி செய்பவர்கள் அவ்வெப்பநிலையை விளக்காமல், அளந்தபடியே உள்ளே எழுதிக்கொள்கிறார்கள். இதைக் குறையென்று நான் சொல்லமாட்டேன். விளக்கும் மாதிரி வேறு, கணக்குக்கு உதவும் மாதிரி வேறு. எது எது என்று கட்டுரையில் தெளிவாக எழுதிவிட்டால் போதும்.

2016 ஜூலையில் வியாழனை அடைந்த ஜூனோ விண்கலம் துருவங்களின் மேலாகச் சுற்றியது. அது வியாழனை நெருங்கும்போது பூமிக்கு அனுப்பும் வானொலி அலைகள் வளையத்தை ஊடுருவி வந்தன. பிளாஸ்மாவுக்குள் வரும் அலை சற்றுத் தாமதப்படும். தாமதம் அலைவரிசைக்கு அலைவரிசை மாறும். இரண்டு அலைவரிசைகளை ஒப்பிட்டால் வழியில் இருந்த எலெக்ட்ரான்களின் மொத்தம் கிடைத்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் வடைக்கு ஒரு புதிய குத்து.

இப்போது யூரோப்பாவுக்கு வருவோம். அது 9.4 ஆரத் தொலைவில், அயோவுக்கு அடுத்த சந்திரன். சாய்ந்த காந்தப்புலம் சுழல்வதால் யூரோப்பாவின் மீது விழும் புலம் 11.2 மணிக்கு ஒருமுறை ஊசலாடுகிறது. மாறும் காந்தப்புலம் கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்பது பாரடே கண்ட விதி. விடுதியறையில் காப்பாளர் அறியாமல் இண்டக்‌ஷன் அடுப்பில் முட்டை வேகவைக்கும் நண்பர்கள் இவ்விதியை அனுபவத்தில் அறிவர். பனிக்கட்டி மின்சாரத்தைக் கடத்தாது, உப்புநீர் கடத்தும். பனிக்கடியில் உப்புக்கடல் இருந்தால் அதில் மின்னோட்டம் எழும். அம்மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். வியாழனின் புலம் திசை மாறினால் அதுவும் திசை மாறும். 2000 ஜனவரி 3ஆம் தேதி கலிலியோ விண்கலம் யூரோப்பாவை நெருங்கியபோது, மார்கரெட் கிவெல்சன் குழுவினர் எதிர்பார்த்தபடியே அத்திசை மாறியிருந்தது. யூரோப்பாவில் கடல் உண்டு என்று இன்று உறுதியாகப் பேசுவதற்கு இந்த அளவு ஒரு தலையாய சான்று.

ஆனால் அங்கே காந்தப்புலத்தை உண்டாக்குவது கடல் மட்டும் அன்று. வேகமாக வரும் பிளாஸ்மா யூரோப்பாவின்மேல் மோதித் தேங்கி வளைந்து போகிறது; அதில் எழும் மின்னோட்டங்களும் புலத்தை உண்டாக்கும். யூரோப்பா பிளாஸ்மாத் தளத்தின் நடுவில் இருக்கும்போது இந்த இரைச்சல் கடலின் குரலுக்குச் சமமாக எழும்பும். தளத்தை விட்டு விலகி நிற்கும்போது அடங்கும். கிவெல்சன் குழுவினர் தெளிவான விடைக்குத் தளத்திலிருந்து விலகிய சந்திப்புகளையே நம்பினர். எப்போது நடுவில், எப்போது விலகி, எவ்வளவு அடர்த்தி என்பதையெல்லாம் சொல்வது மேலே விவரித்த அதே கணக்கு.

கடல் உண்டா என்ற கேள்விக்கு அது போதுமானதாயிருந்தது. எத்தனை ஆழம், எவ்வளவு உப்பு என்ற கேள்விகளுக்குப் போதாது. 11.2 மணி ஊசலாட்டம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால், ஆழமான உப்புக் குறைந்த கடலும், ஆழங்குறைந்த உப்பு மிகுந்த கடலும் ஒரே விடையைத் தரக்கூடும். இரண்டையும் பிரிக்க வேறொரு கால அளவுள்ள ஊசலாட்டமும் வேண்டும். யூரோப்பா தன் பாதையில் ஒருமுறை சுற்ற எடுக்கும் 85 மணி அப்படிப்பட்டது. ஆனால் அவ்வூசலாட்டம் மிக மெலிந்தது. பிளாஸ்மாக் கணக்கில் சிறு பிசகு நேர்ந்தாலும் அதை விழுங்கிவிடும்.

1997 டிசம்பர் 16ஆம் தேதிச் சந்திப்பு இதற்கு நல்ல உதாரணம். அன்று கலிலியோ 400 கிலோமீட்டருக்கும் குறைந்த உயரத்தில் பறந்தபோது காந்தப்புலம் சில நிமிடங்கள் திடீரென்று வளைந்தது. பிளாஸ்மா அடர்த்தியும் எகிறியது. இருபது ஆண்டுகள் அது விளக்கமின்றிக் கிடந்தது. 2018இல் ஜியா, கிவெல்சன் முதலியோர் அதைக் கணினி மாதிரியில் ஓட்டிப் பார்த்து, பனியைப் பிளந்து எழுந்த நீராவித் தாரை ஒன்றைக் கடந்ததன் அடையாளம் என்றனர். அவ்வாறாயின் யூரோப்பாவின் உள்ளே இருப்பதைத் துளையிடாமலே முகர்ந்து பார்க்கலாம்! அன்றைய சுற்றுப்புறப் பிளாஸ்மா எவ்வாறிருந்தது என்ற அடித்தளக் கணக்கு மாறினால் இந்த முடிவின் வலுவும் மாறும்.

2024 அக்டோபர் 14ஆம் தேதி புறப்பட்ட யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030 ஏப்ரலில் வியாழனை அடையும் திட்டம். யூரோப்பாவை ஏறத்தாழ ஐம்பது முறை நெருங்கிப் பறக்க வேண்டும். அதில் காந்தமானியோடு, பாரடே கிண்ணங்கள் எனப்படும் பிளாஸ்மா அளவிகளும் பூட்டப்பட்டிருக்கின்றன. கிண்ணங்களின் முதல் வேலை, ஒவ்வொரு சந்திப்பிலும் அங்கே இருக்கும் பிளாஸ்மாவின் அடர்த்தி, வேகம், வெப்பநிலை ஆகியவற்றை எழுதிக்கொண்டு, அதனால் எழும் காந்தப்புலத்தைக் கடலின் கணக்கிலிருந்து கழிக்க உதவுவது. கலம் இல்லாத இடங்களில் என்ன இருந்தது என்பதற்கு மணி கோத்த கம்பிக் கணக்கையே நாட வேண்டும்.